மக்களுக்குப் பெயர் வைத்தவர் யார்?

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வழியாகக் காரையாறு செல்லும் பேருந்தில் நீங்கள் போயிருக்கக்கூடும். அந்த மலைப்பகுதியில் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணி மக்கள் வாழ்கின்றனர். 'காணி' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பரம்பரையாக வரும் நில உரிமையைக் காணி என்கிறோம். நில அளவையிலும் காணி உண்டு. எனவே காணிக்காரர் என்பதற்கு 'நிலத்துக்கு உரியவர்' என்று அறிஞர்கள் பொருள் கூறுவர்.

எல்லா மக்களுக்கும் இப்படிப் பொருத்தமான பெயர் அமைந்துவிடுவதில்லை. மக்கள் கூட்டங்களின் பெயர்கள் எப்படித் தோன்றின, யார் இட்டார்கள் என்று ஆராயும் துறையை இனப்பெயரியல் எனலாம். இத்துறை பெயர்களை முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குத் தாமே இட்டுக்கொண்டது தற்பெயர். அடுத்தவர் இட்டது பிறரிட்ட பெயர்.

ஜெர்மானியர் தம்மை 'டாய்ச்' என்கின்றனர். பிரெஞ்சுக்காரரோ அவர்களை 'அல்மான்' என்கின்றனர். தம் எல்லையருகே வாழ்ந்த அலமான்னி என்ற ஒரு குழுவின் பெயரை, பிரெஞ்சுக்காரர் அந்நாட்டார் அனைவருக்கும் சூட்டிவிட்டனர்!

இயற்பியலில் ஒரு பாடம் உண்டு. ஓடும் ரயிலில் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர் உங்களுக்கு அசையாதவராகத் தெரிகிறார். நடைமேடையில் நிற்பவருக்கோ அவர் விரைந்து செல்பவர். நோக்குபவர் நிற்கும் இடத்தைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்ல முடியாது. பெயர்களும் இப்படித்தான். நீலகிரியில் வாழும் படகர் என்பாரின் பெயருக்கு 'வடக்கத்தியார்' என்பது பொருள். நீலகிரியில் நின்று பார்த்தால்தான் அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். மைசூரில் நின்று பார்த்தவருக்கு அந்தப் பெயர் தோன்றியிருக்குமா?

பிறரிட்ட பெயர் சில சமயம் நம்மைத் தவறான முடிவுக்கும் கொண்டுபோகும். நரிக்குறவர் என்ற பெயரைக் கேட்பவர், அவர்கள் குறவரில் ஒரு பிரிவினர் என்றே நினைப்பார். ஆனால் அவர்கள் தம்மை 'வாக்ரி' என்கின்றனர். அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி போன்ற வடநாட்டு மொழிகளுக்கு உறவானது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. ஐரோப்பியர் முதலில் இறங்கியது மலையாளக் கரையில். அங்கு கேட்ட 'மலபார்' என்ற பெயரை அவர்கள் தமிழருக்கும் ஒட்டிவிட்டனர். 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் தலைப்பிலேயே நம் மொழி 'மலவார் தமிழ்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. ரீயூனியன் தீவில் தமிழ் வழியினரை இன்றும் 'மலபார்' என்றே அழைக்கின்றனர். மலேசியாவில் 'கலிங்கம்' என்பதிலிருந்து பிறந்த 'கெலிங்' என்ற சொல் தமிழருக்கு இழிவுப் பெயராகவே ஒலிக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெயர் அரசின் பட்டியலில் ஏறும்போது அதில் ஒருவரின் படிப்பும் வேலையும் இருக்கின்றன. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 'காணிக்காரன், காணிக்கர்' என்ற பெயர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டுமே பொருந்தின. அவ்விரு பகுதிகளும் 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு இணைந்தவை. அம்பாசமுத்திரம் முன்பே சென்னை மாநிலத்தில் இருந்தது. அதே மலைத் தொடரில் வாழும் அதே மக்கள், வட்டத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பட்டியலில் இல்லாதவராயினர்! பின்னர் வந்த திருத்தத்தில்தான் அம்பாசமுத்திரம் வட்டமும் சேர்ந்தது. பள்ளியில் சேர வரும் ஒரு காணிச் சிறுவனுக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால், பெயரும் பொருந்த வேண்டும், வட்டமும் பொருந்த வேண்டும்.

ஆகவே, ஒரு மக்களின் பெயரைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இப்பெயரை இட்டவர் யார்? அவர் எங்கே நின்று பார்த்தார்? அம்மக்கள் தம்மை என்னவென்று அழைத்துக்கொள்கின்றனர்? முதலிரண்டு கேள்விகளுக்கு விடை தேட நூலகம் உதவும். மூன்றாவதற்கு அம்மக்களிடமே போய்க் கேட்க வேண்டும். காரையாறு பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையிலேயே அந்த விடை அமர்ந்திருக்கலாம்.