குளிர்கால ஏரியும் ட்ரவுட் மீனும்

மீன்பிடி என்றதும் நம் நினைவுக்கு வருவது வலையும் வள்ளமும், கரையோர மக்களின் வாழ்வாதாரமுமே ஆகும். ஆனால் விற்பனைக்காக அன்றிப் பொழுதுபோக்கிற்காகவே மீன்பிடிப்போர் மேலைநாடுகளில் பெருந்தொகையினர். அவர்களுள்ளும், கடுங்குளிரில் ஏரிக்கரையில் நின்று, இறகினாலும் நூலினாலும் கட்டிய பொய்ப்பூச்சியைக் கொண்டு ட்ரவுட் மீனைப் பிடிக்க முனைவோர் தனி ரகத்தினர்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே நூலைத் தொலைவுக்கு இழுத்துச் செல்கிறது. பொய்ப்பூச்சிக்கோ பாரமே இல்லை எனலாம். ஆதலால் தடித்த நூலின் பாரத்தையே தடியின் வளைவினால் முன்னும் பின்னும் சுழற்றி வீசுகின்றனர். இதனைக் கற்றுக்கொள்வதற்கு நீண்ட பயிற்சி தேவை.

குளிர்காலத்தில் ஏரியினுள் நிகழ்வது என்ன? கோடையில் ஆழமான ஏரிகளின் மேற்பரப்பில் வெந்நீர்ப் படையும் அடியில் குளிர்நீர்ப் படையும் பிரிந்து நிற்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்க, காற்றும் கலக்க, ஏரி முழுவதும் ஒன்றாகிவிடும். நீர் மிகவும் அடர்த்தியாவது 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலாகும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் மேலேயே தங்கி அங்கேயே உறைகிறது. அடியில் உள்ள நீர் உறையாமல் எஞ்சுவதனாலேயே பனிக்கட்டியின் கீழும் உயிர்கள் வாழ்கின்றன.

குளிர்நீர் ஒட்சிசனையும் அதிகமாகத் தாங்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையுமாயின், 5 பாகையில் சுமார் 13 மில்லிகிராம் கரையும். எனவே ட்ரவுட் மூச்சுமுட்டுவதில்லை, மந்தமாகிறது. அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவதால் சமிபாடு தாமதமாகிறது. இரையைத் துரத்திச் செல்ல அது விரும்புவதில்லை.

இதனை அறிந்தவர் பொய்ப்பூச்சியை ஆழத்தில் இறக்கி, விரல்களால் மிக மெதுவாக இழுப்பார். குளிரிலும் ஏரியடிச் சேற்றில் வாழ்வன, கொசுவை ஒத்த ஆனால் கடிக்காத பூச்சியினத்தின் புழுக்களாகும். அவற்றைப் போன்ற மெல்லிய பொய்ப்பூச்சிகளே பயன் தருகின்றன. நண்பகலை ஒட்டிய சில மணி நேரமே வாய்ப்பான வேளையாகும். தடியிலுள்ள வளையங்களில் நீர் உறைந்து நூல் சிக்கிக்கொள்வதும் உண்டு.

இங்கு சட்டமும் குறுக்கிடுகிறது. பிரித்தானியாவின் சுதேச இனமான பழுப்பு ட்ரவுட் இலையுதிர் கால இறுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுகிறது. ஆதலால் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் மார்ச் வரை அதனைப் பிடிப்பதற்குத் தடையுண்டு. தடைக்காலத்தின் நாட்கள் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுபடும். வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட வானவில் ட்ரவுட் அங்கு பெரும்பாலும் இயற்கையில் பெருகுவதில்லை; பண்ணைகளில் வளர்த்தே ஏரிகளில் விடப்படுகிறது. குளிர்காலத்தில் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. பிடித்ததை மீள விடுவோர் கைகளை நனைத்தே மீனைத் தொடுவர். உறைபனிக் காற்றில் மீனை உயர்த்திப் பிடித்தால் அதன் மென்மையான பூக்களுக்குச் சேதம் நேரலாம்.

இக்கதைக்கு நமது மலையகத்துடனும் தொடர்புண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தமது பொழுதுபோக்கிற்காக ட்ரவுட் மீனை நுவரெலியாப் பகுதிக்குக் கொண்டுவந்தனர். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகள் ஆண்டு முழுவதும் குளிர்ந்திருப்பதால் வானவில் ட்ரவுட் அங்கு நிலைத்துவிட்டது. ஆனால் அச்சமவெளிக்கே உரிய சிறிய நன்னீர் இறால் இனமொன்றும் அதே ஓடைகளிலேயே வாழ்கிறது. ட்ரவுட் அதற்கு ஓர் அச்சுறுத்தலாகக் கருதப்படுகிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அந்நிய உயிரினங்கள் எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இவ்விரு ட்ரவுட் இனங்களும் இடம்பெற்றுள்ளன.

ஒரு நாட்டில் சட்டத்தால் காக்கப்படும் மீன் பிறிதொரு நாட்டில் கேடாக மாறக்கூடும். மீன் எங்கும் ஒன்றே. அது எந்த நீருக்கு உரியது என்பதே வேறு. முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவைக்கும் பொறுமை இங்கிலாந்தில் தேவைப்படுவது போன்று, ஒரு நீர்நிலையில் புதிய உயிரொன்றை விடுவதற்கு முன் நூறு முறை சிந்திக்கும் பொறுப்பு நமக்கும் தேவைப்படுகிறது. விட்ட மீனை மீண்டும் பிடித்துத் தீர்ப்பது எந்தத் தூண்டிலாலும் இயலாத காரியமாகும்.