நாடா தள்ளிய கைகளும் கம்பெனி பஸ்ஸும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் முசரவாக்கம் போன்ற ஊர்களில் அன்று பிள்ளைகளுக்கான வேலை தறிக்குழிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைப் பட்டுப்புடவையைத் தனியாள் நெய்வது கடினம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் கரைக்கு ஒன்றாக இரண்டு நாடா. நெசவாளர் குழிக்குள் கால் மிதித்து நெய்ய, ஒரு பக்கக் கரையின் நாடாவைத் துணையாள் ஒவ்வொரு ஊடைக்கும் கையால் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. இல்லையென்றால், பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளை. தறிச்சத்தம் நிறைந்த தெருக்களை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று இந்த வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் விடியற்காலையில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகள் எல்லாமே போய்வரும் தூரம்தான். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறுகிறது. தறியில் சேலை முடிந்து கூலி கைக்கு வரும்வரை காத்திருந்த வீடுகளுக்கு அது சின்ன விஷயமல்ல.

1991-இல் இந்தியா அந்நிய நேரடி முதலீட்டுக்குக் கதவைத் திறந்ததன் பலன் இது. 1996-இல் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்தது; 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அதன் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன் பின்னாலேயே கொரிய உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் ஆர்டர் கிடைத்தது. நோக்கியாவின் கதை வேறு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அந்த ஆலையில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வேலை பார்த்தார்கள். சுற்றுக் கிராமங்களின் பெண்கள் அதில் ஏராளம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முப்பதை எட்டும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளூரில் வேர் பிடித்த முதலீடும் பெயர்ந்து போவதுண்டு: மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

அந்நிய முதலீடு வந்தாலே நாடு வளர்ந்துவிடும் என்பதைப் பொருளியல் ஆய்வுகளும் ஒப்புக்கொள்ளவில்லை. போரென்ஸ்டைன், டி கிரிகோரியோ, லீ மூவரும் 69 வளரும் நாடுகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு, மக்களின் கல்வி ஒரு குறைந்தபட்ச அளவை எட்டிய நாடுகளில்தான் அந்நிய முதலீடு உள்நாட்டு முதலீட்டைவிட அதிக வளர்ச்சி தருகிறது என்பது. தமிழ்நாட்டுக்கு முதலீடு வந்ததற்கும் பலித்ததற்கும் பின்னால் சத்துணவு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று பல தலைமுறைச் செலவு இருக்கிறது. கம்பெனிகளுக்கு நிலமும் வரிச்சலுகையும் மட்டும் கொடுத்து இதை யாராலும் விலைக்கு வாங்கிவிட முடியாது.

ஆனால் படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது எந்த வேலை? பலருக்கு ஒப்பந்த வேலை, அல்லது பயிற்சியாளர் என்ற பெயரில் சில ஆண்டுகள். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியோடு, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுடைய முக்கியக் கோரிக்கை.

தறியோ துணையாள் இல்லாமல் தவிக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோர்வை போடத் தெரிந்த கையை அந்தச் சான்றிதழ் உண்டாக்காது. நெசவைவிட ஆலைக் கூலி நிச்சயமானது என்று பிள்ளைகள் முடிவெடுத்ததில் தவறே இல்லை. நெசவுக்கூலியை உயர்த்தாமல் மரபு அழிகிறது என்று அவர்களைக் குறை சொல்வதுதான் தவறு.

அடுத்த முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடாதீர்கள். உதிரிபாகங்களில் எவ்வளவு இங்கே வாங்கப்படும், எத்தனை பேர் நிரந்தரமாவார்கள், கம்பெனி கிளம்பினால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.