போரில் ‘சம்மதம்’ என்ற கேள்விக்கு இடமுண்டா? பெண்ணியவாதிகளைப் பிரித்த இரு தீர்ப்புகள்

ஆயுதம் ஏந்திய வீரர்களின் பிடியில் இருந்த ஒரு பெண்ணிடம், "நீங்கள் சம்மதித்தீர்களா?" என்று நீதிமன்றம் கேட்கலாமா? போர்க்கால பாலியல் வன்கொடுமை தொடர்பான சர்வதேச சட்டத்தில் பெண்ணியவாதிகளுக்கு இடையே இன்னும் தீராத கேள்வி இது.

1949-ம் ஆண்டின் 4-வது ஜெனீவா உடன்படிக்கை, பாலியல் வன்கொடுமையைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதலாகவே குறிப்பிட்டது. அந்தப் பார்வை மாற அரை நூற்றாண்டு ஆனது.

ருவாண்டா இனப்படுகொலைக்கான சர்வதேச தீர்ப்பாயத்தில், தாபா பகுதி மேயர் ஜான் பால் அகயேசு மீதான வழக்கில் முதலில் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் பேசத் தொடங்கிய பிறகே, 1997-ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தென்னாப்பிரிக்க நீதிபதி நவநீதம் பிள்ளை உள்ளிட்ட 3 பேர் அமர்வு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என 1998 செப்டம்பர் 2-ம் தேதி தீர்ப்பளித்தது. நிர்ப்பந்தச் சூழலில் நிகழும் பாலியல் ரீதியான உடல் அத்துமீறல் என்பதே அத்தீர்ப்பு தந்த வரையறை. அதில் சம்மதம் பற்றிய பேச்சே இல்லை.

3 ஆண்டுகளுக்குள் நிலை மாறியது. போஸ்னியாவின் ஃபோச்சா நகரில் பெண்களை அடைத்து வைத்துச் சீரழித்த வழக்கில், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 2001 பிப்ரவரியில் 3 பேரைத் தண்டித்தது. ஆனால், சம்மதமின்மையே குற்றத்தின் அடிப்படை என்றது. ஒரு பெண் தானாகவே தன்னை அணுகியதாக முதல் எதிரி குனராச் வாதிட்டார். அவரைத் திருப்திப்படுத்தாவிட்டால் கொன்றுவிடுவதாக வேறொரு வீரர் அப்பெண்ணை மிரட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டி, நீதிபதிகள் அந்த வாதத்தை நிராகரித்தனர்.

முடிவு சரி, வழி தவறு என்பது அமெரிக்கச் சட்டப் பேராசிரியை கேத்தரின் மெக்கின்னனின் நிலைப்பாடு. சம்மதத்தை அளவுகோலாக்கினால் விசாரணை குற்றவாளியை விட்டுப் பெண்ணை நோக்கித் திரும்பிவிடும் என்றும், அகயேசு வரையறையே பொருத்தமானது என்றும் அவர் வாதிட்டார்.

மற்றொரு பேராசிரியையான கேரன் எங்கிள் இதற்கு நேர்மாறான கவலையை முன்வைத்தார். போரில் எதிர்த்தரப்பு ஆணுடனான எந்த உறவிலும் சம்மதம் சாத்தியமில்லை என்று சட்டம் கருதத் தொடங்கினால், பெண்கள் சொந்த விருப்பமற்ற பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே சுருக்கப்படுவர் என 2005-ல் அவர் எழுதினார். எளிதில் ஒதுக்கிவிட முடியாத வாதம்தான்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பெரும்பாலும் முதல் வழியையே பின்பற்றுகிறது. சம்மதமின்மையை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்று காங்கோவின் ஜான் பியர் பெம்பா வழக்கில் 2016-ல் அது கூறியது. வேறு சட்டக் காரணங்களுக்காக, 2018-ல் மேல்முறையீட்டில் பெம்பா விடுவிக்கப்பட்டார்.