வைம்ஸின் கோபம் எங்கே போனது?

2020 ஜனவரியில் பிபிசி அமெரிக்கா சில புகைப்படங்களை வெளியிட்டது. 'தி வாட்ச்' தொடர் ஒளிபரப்பாக இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஒரு காட்சியைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் சண்டை அன்றே தொடங்கிவிட்டது. டெரி பிராட்செட் தன் நாவல்களில் எழுதிய ஆங்க்-மோர்போர்க் நகரத்துக் காவலர்கள் அடிவாங்கி நசுங்கிய மார்க்கவசமும் தலைக்கவசமும் போட்டவர்கள். புகைப்படத்தில் இருந்தவர்களோ ராக் கச்சேரி முடிந்து மேடையிலிருந்து இறங்கி வந்தவர்களைப் போலிருந்தார்கள்.

உடைக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். ஆனால் அந்த வாசகர்களிடம் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. மனதில் மட்டுமல்ல, புத்தக அட்டையிலும். 2002-ல் வந்த 'நைட் வாட்ச்' நாவலுக்கு ஓவியர் பால் கிட்பி, ரெம்பிராண்ட்டின் புகழ்பெற்ற ஓவியத்தைக் கேலி செய்து அட்டை வரைந்தார். மூல ஓவியத்தின் கூட்டத்துக்குள் ரெம்பிராண்ட் தன்னையே வரைந்து வைத்திருப்பதாகச் சொல்வார்கள். கிட்பி அந்த இடத்தில் தனக்கு முன் பிராட்செட்டுக்கு அட்டை வரைந்த ஜோஷ் கிர்பியின் முகத்தை வைத்தார். கிர்பி இறந்து அப்போது ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இப்படிப்பட்ட சங்கதிகளையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் கூட்டத்திடம்தான் அந்தப் புகைப்படங்கள் போய்ச் சேர்ந்தன.

பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் மொத்தம் 41. முதலாவது 1983-ல், கடைசி 2015-ல், பிராட்செட் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு. தட்டையான உலகம், அதைத் தாங்கும் யானைகள், யானைகளைச் சுமந்து விண்வெளியில் நீந்தும் பிரம்மாண்டமான ஆமை. நம் புராணங்களில் பூமியைத் தாங்க எட்டுத் திக்கிலும் யானை வேண்டும். பிராட்செட் நான்கோடு சமாளித்துவிட்டார். அந்த உலகத்தின் பெருநகரம்தான் ஆங்க்-மோர்போர்க். அங்கே திருடர்களுக்குச் சங்கம் உண்டு, கொலைகாரர்களுக்கும் உண்டு. காவலர்களுக்குத்தான் மரியாதை கிடையாது.

இதைத் திரைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் ஆமையோ யானையோ அல்ல. அதெல்லாம் கணினியில் ஆகிற வேலை. நகைச்சுவை இருக்கும் இடம்தான் சிக்கல். பிராட்செட்டின் சிரிப்பில் பாதி, கதாபாத்திரங்கள் பேசுவதில் இல்லை. கதை சொல்பவரின் குரலில் இருக்கிறது. மீதிப் பாதி அடிக்குறிப்புகளில். கதையைப் பாதியில் நிறுத்தி, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் தத்துவமோ வம்போ பேசிவிட்டு மேலே ஏறி வருவார். கேமராவுக்கு அடிக்குறிப்பு கிடையாது.

2006 டிசம்பரில் பிரிட்டனின் ஸ்கை ஒன் சேனல் 'ஹாக்ஃபாதர்' நாவலை இரண்டு பாகமாக ஒளிபரப்பியபோது இந்தச் சிக்கல் அப்படியே தெரிந்தது. இயக்குநர் வாதிம் ஜான் நாவலை வரிக்கு வரி பிடித்துக்கொண்டு போனார். விளைவு, மூன்று மணி நேரம். புத்தகம் படிக்காதவர் முதல் அரை மணி நேரத்தில் யார் யாரென்று திணறியிருப்பார். இருந்தும் வாசகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைப் போட்டுப் பார்ப்பதைச் சடங்காக வைத்திருப்பவர்கள் நிறைய.

காரணம் 'டெத்'. எலும்புக்கூடு உருவம், நீண்ட பிடி போட்ட அரிவாள், பிங்க்கி என்று பெயர் வைத்த வெள்ளைக் குதிரை. உயிரை எடுப்பது அவர் வேலை. மனிதர்கள் மேல் ஒரு தீராத ஆர்வமும் உண்டு. அந்த உலகத்தின் கிறிஸ்துமஸ் தாத்தா காணாமல் போய்விட, டெத் சிவப்பு அங்கி மாட்டி, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கக் கிளம்புகிறார். கடையில் உட்கார்ந்து குழந்தைகளின் ஆசையைக் கேட்கிறார். வாள் வேண்டும் என்கிறாள் ஒரு சிறுமி. நிஜ வாளையே எடுத்து நீட்டிவிடுகிறார். அம்மா பதறுகிறாள். குழந்தை கேட்டதைக் கொடுத்தால் இவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்று டெத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை. நாவலில் டெத் பேசுவதெல்லாம் பெரிய எழுத்தில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகியிருக்கும். திரையில் அந்தப் பெரிய எழுத்துக்கு ஈடு கொடுத்தது இயன் ரிச்சர்ட்சனின் குரல். இரண்டே மாதத்தில் அவர் காலமானார்.

டெத்தின் பேத்தி சூசனாக வந்த மிஷெல் டாக்கரி அப்போது யாருக்கும் தெரியாத முகம். 'டவுன்டன் ஆபி' வர இன்னும் நான்கு வருஷம் இருந்தது. கடைசியில் தாத்தாவும் பேத்தியும் பேசும் காட்சிக்காகவே அந்த மூன்று மணி நேரத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். சின்னச் சின்னப் பொய்களை நம்பிப் பழகினால்தானே நீதி, கருணை போன்ற பெரிய பொய்களை மனிதர்கள் நம்ப முடியும் என்று டெத் விளக்குகிறார். சிரிக்க உட்கார்ந்தவரைச் சட்டென்று நிமிரவைக்கும் இடம் அது. தொடர் அதை வெட்டவில்லை.

2008 ஈஸ்டருக்கு வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடி ஓடியே உயிர் பிழைக்கும் ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதியாக 68 வயது டேவிட் ஜேசனைப் போட்டார்கள். அவருக்கு வெகுநாளாக அந்த வேடத்தின் மேல் ஆசை. வாசகர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது 2010-ல் வந்த 'கோயிங் போஸ்டல்'. ரசிகர்களுக்கு மாற்றமே ஆகாது என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் கதையை நன்றாகவே மாற்றினார்கள். மாயிஸ்ட் என்ற மோசடிக்காரனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றி, இடிந்து கிடக்கும் தபால் நிலையத்துக்கு அதிகாரியாக்குகிறார் நகரத் தலைவர் வெட்டினாரி. நான் யாரையும் அடித்ததுகூட இல்லை என்று சாதிக்கிற அவனிடம், நாவலில் ஒரு களிமண் மனிதன் கணக்குச் சொல்கிறது: உன் மோசடிகளால் செத்தவர்கள் இரண்டே சொச்சம் பேர் என்று, தசமப் புள்ளி வரைக்கும். தொடரில் இந்தக் குற்றக் கணக்கு ஊமைப்படக் காட்சிகளாக அவன் கண்முன் ஓடுகிறது. வடிவம் வேறு, சொன்ன விஷயம் அதேதான். சார்லஸ் டான்ஸ் வெட்டினாரியாக ஒரு புருவத்தைத் தூக்கினாலே போதும் என்று வாசகர்கள் திருப்தியடைந்துவிட்டார்கள். முந்தைய இரண்டு தொடர்களையும் போல இதிலும் பிராட்செட் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டினார்.

2021 ஜனவரியில் 'தி வாட்ச்' எட்டு பாகங்களாக வந்தது. பிராட்செட் உயிரோடு இல்லை. நாவல்களைத் தழுவியது என்றுகூடச் சொல்லாமல், அவருடைய பாத்திரங்களால் உந்தப்பட்டது என்று மட்டும் போட்டுக்கொண்டார்கள். கேப் டவுனில் படமாக்கப்பட்ட அந்த நகரத்தில் நியான் விளக்கும் பங்க் இசையும் இருந்தன. அதற்கு முன்பே, 2020 அக்டோபரில் முன்னோட்டம் வந்ததும், பிராட்செட்டின் மகள் ரியானா ட்விட்டரில் சுருக்கமாக எழுதினார்: இதற்கும் என் தந்தையின் காவல் படைக்கும் மரபணுத் தொடர்பே இல்லை, இதை நான் கண்டிக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை என்ற பொருளில். வாசகர்களுக்கு அது தீர்ப்பாகவே கேட்டது.

அவர்களுடைய புகார்கள் எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டினாரியைப் பெண்ணாக்கியதற்குக் கூச்சலிட்டார்கள். ஆனா சான்ஸலர் அந்த வேடத்தில் நன்றாகவே இருந்தார். குள்ளர் இனத்து சீரியை உயரமாக்கியதிலும் ஆணா பெண்ணா என்ற வரையறைக்குள் அடக்காததிலும் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

லேடி சிபில் விஷயத்தில் வாசகர்கள் பக்கம்தான் நான். நாவலில் அவர் பருத்த உடம்புள்ள, நடுவயதான, கோடீஸ்வர சீமாட்டி. டிராகன் வளர்க்கிறவர். அவை உமிழும் தீயில் முடி கருகிப்போனதால் தலைக்கு விக் வைத்துக்கொள்பவர். காவல் படைத் தலைவர் கேப்டன் சாம் வைம்ஸ் காதலிப்பது இந்தப் பெண்ணைத்தான். கதாநாயகிக்கு இப்படி ஓர் உருவம் கொடுக்க எத்தனை எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் வரும்? தொடரில் அவர் ஒல்லியான, இளமையான, சண்டை போடுகிற பெண்ணாக வந்தார். அப்படிப்பட்ட நாயகிகளுக்குத் தொலைக்காட்சியில் பஞ்சமே இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு வைம்ஸ். 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் அவர் ஒரு கணக்குப் போடுவார். பணக்காரன் 50 டாலருக்கு நல்ல பூட்ஸ் வாங்கினால் பத்து வருஷம் உழைக்கும். ஏழை 10 டாலருக்கு வாங்குவது ஒன்றிரண்டு பருவத்தில் ஓட்டையாகும். அதே பத்து வருஷத்தில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் நனைந்தபடியே இருக்கும். 2022-ல் பிரிட்டனில் ஜாக் மன்றோ என்ற உணவு எழுத்தாளர், ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஒரு குறியீடு தொடங்கியபோது, பிராட்செட் குடும்பத்தின் சம்மதத்தோடு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே அதற்கு வைத்தார். வாசகர்கள் 'நைட் வாட்ச்' நினைவாக ஒவ்வொரு மே 25 அன்றும் லைலாக் பூவைச் சட்டையில் குத்திக்கொள்ளும் வழக்கமும் வைம்ஸின் கதையிலிருந்து வந்ததுதான். நகரத்தின் மேலும் அதிகாரத்தின் மேலும் அவருக்கு அடங்காத கோபம். அந்தக் கோபம் தன்னையே கெடுத்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. தொடரில் வைம்ஸாக வந்த ரிச்சர்ட் டார்மர் நல்ல நடிகர். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்டது தள்ளாட்டமும் முகச்சுளிப்பும்தான். இரக்கமே இல்லாத கொலைகாரனாகிய கார்சரை வைம்ஸின் பழைய கூட்டாளியாக்கி, அவனுக்கு ஒரு சோகக் கதையும் எழுதினார்கள். எதிரே நிற்பவன் மேல் பரிதாபம் வந்துவிட்டால் வைம்ஸ் யார் மேல் கோபப்படுவார்?

எனவே ரசிகர்கள் எதையும் மாற்றவே விடமாட்டார்கள் என்ற புகார் பொய். கதையை மாற்றிய 'கோயிங் போஸ்டல்' தப்பித்தது. மாற்றாமல் இழுத்த 'ஹாக்ஃபாதர்' கொண்டாடப்பட்டது. 'தி வாட்ச்' ஒரே சீசனோடு நின்றுபோனது. பிராட்செட்டின் படைப்பு உரிமைகளைக் கவனிக்கும் நேரடிவியா நிறுவனம், அந்தத் தொடர் வெளிவருவதற்கு முன்பே, 2020 ஏப்ரலில், இனி நாவலுக்கு முழு விசுவாசமான தொடர்களை எடுக்கப்போவதாக அறிவித்திருந்தது.

இதுவரை பிராட்செட் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு யோசனை. ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் 'கோயிங் போஸ்டல்' பாருங்கள். டிசம்பர் விடுமுறையில் பொறுமை இருந்தால் 'ஹாக்ஃபாதர்'. 'தி வாட்ச்' பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், இதே காவலர்கள் வரும் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலைப் படித்துவிட்டுப் பார்க்காதீர்கள், பார்த்துவிட்டுப் படியுங்கள்.