உங்களுக்குத் தெரியுமா? அக்காவைப் பள்ளிக்கு அனுப்பிய பூந்தோட்டம்

சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே, அச்சானக்மார் காட்டை ஒட்டிய பழங்குடி ஊர்களில் 'புல்வாரி' என்றால் சின்னக் குழந்தைகளின் காப்பகம். இந்திச் சொல், பூந்தோட்டம் என்று பொருள். கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு இதைத் தொடங்கி வைத்தது. நடத்துவது ஊர்ப் பெண்களே.

அங்கன்வாடியில் சுடச்சுடச் சாப்பாடு கிடைப்பது 3 வயதுக்கு மேல்தான். அதற்கும் சின்னதுகளுக்கு வீட்டுக்குத் தரும் மாவுதான். அம்மா வயலுக்கோ இலுப்பைப்பூ பொறுக்கவோ போய்விட்டால், அதைக் கரைத்து ஊட்ட வீட்டில் ஆள் வேண்டுமே!

புல்வாரியில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு பெண். காலையில் சத்துமாவு, பிறகு பருப்பும் அரிசியும் குழைய வெந்த கிச்சடி. அதன்மேல் கொஞ்சம் எண்ணெய். ருசிக்காக மட்டுமல்ல: குழந்தையின் வயிறு சிறியது, நாலு வாய்க்குமேல் இறங்காது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் எண்ணெயில் 9. அதே நாலு வாயில் கூடுதல் தெம்பு.

எடைத் தராசில் தெரியாத லாபம் ஒன்றும் உண்டு. அதுவரை தம்பியை இடுப்பில் சுமந்து வீட்டைக் காத்த எட்டு வயது அக்கா, இப்போது கையை வீசிக்கொண்டு பள்ளிக்குப் போகலாம்.