நீலப்பச்சைப் பாசி பாசிதானா?

குளத்து நீரிலும் வயற்சேற்றிலும் ஈரச் சுவரிலும் வழுக்கலாய்ப் படர்வதையெல்லாம் பாசி என்பது உலக வழக்கு. அவற்றுள் ஒன்று நீலப்பச்சைப் பாசி. பச்சையத்துடன் பைகோசயனின் என்னும் நீலநிறமியும் கலந்திருத்தலின் அதற்கு அந்நிறம் அமைந்தது. ஒளியின் துணையால் உணவாக்கி உயிர்வளியை வெளிவிடுதலின், அதனைச் செடியினத்திற் சேர்த்தனர். சென்னை அறிஞர் டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய பெருநூலின் பெயரும் 'சயனோஃபைட்டா'. அதன் ஈற்றுச்சொல் செடியையே குறிக்கும்.

ஆயின் அதன் உயிரணுவை ஆராய்ந்தபோது உண்மை வேறாயிற்று. செடியின் உயிரணுவில் சவ்வு சூழ்ந்த உட்கரு உண்டு. பச்சையம் பசுங்கணிகத்துள் அடங்கியிருக்கும். இதற்கோ உட்கருவும் இல்லை, பசுங்கணிகமும் இல்லை. ஆதலின் ஸ்டேனியர், வான் நீல் என்னும் இருவரும் 1962-இல் இதனைப் பாக்டீரியாவுடன் ஒருங்கே வைத்தனர். 'சயனோபாக்டீரியா' என்னும் பெயர் பின்னர் நிலைபெற்றது. கருநீலத்தைக் குறிக்கும் 'கியானோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் முதற்பகுதி. 1978-இல் ஸ்டேனியர் முதலியோர் இதனைப் பாக்டீரியப் பெயரீட்டு விதியின்கீழ்க் கொணர முன்மொழிந்தனர். செடியியலார் விதியும் இதனைக் கைவிடவில்லை. எனவே பெயரிடும் முறை இரண்டாயிற்று.

செடிகளின் பசுங்கணிகமே பண்டைச் சயனோபாக்டீரியாவின் வழிவந்தது என்பது இன்றைய முடிபு. ஆகவே இது செடியின் பிள்ளையன்று; செடியின் பசுமைக்கே மூதாதை.

'பாசி' என்பது வழக்குப் பெயர், இனத்தால் இது பாக்டீரியா என ஆசிரியர் சேர்த்துரைத்தல் வேண்டும். இன்றேல், நிறங்கண்டே இனமறியலாம் என மாணவர் பிழைபடக் கொள்வர்.