விக்கிப்பீடியாவில் கம்பெனிக்குப் பக்கம்: காசு கட்டினால் கிடைக்குமா?

"விக்கிப்பீடியாவில் உங்கள் கம்பெனிக்குப் பக்கம் போட்டுத் தருகிறோம்" என்று ரேட் சொல்லும் ஏஜென்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விக்கிப்பீடியா யாருக்கும் பக்கத்தை விற்பதில்லை. அங்கே வரைவை ஏற்பதும் நிராகரிப்பதும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர்கள் தேடுவது ஆண்டு வருமானத்தையோ கிளைகளின் எண்ணிக்கையையோ அல்ல. நிறுவனத்தோடு ஒட்டோ உறவோ இல்லாதவர்கள் நம்பகமான ஊடகங்களில் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான். அதுவும் ஒரு கட்டுரை போதாது.

பெரும்பாலான வரைவுகள் இங்கேதான் சறுக்குகின்றன. மேற்கோள்கள் வரிசையாக இருக்கும். திறந்து பார்த்தால் புதுக் கிளை திறப்பு, முதலீடு திரட்டல், சிஇஓ நியமனம், நிறுவனரின் பேட்டி. கம்பெனி சொன்னதைப் பத்திரிகை அப்படியே திருப்பிச் சொன்னவை இவை. தகுதிக் கணக்கில் சேராது. 2018-இல் இந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. இந்தியப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தி வேடத்தில் வருவதுண்டு என்று அங்கே தனி எச்சரிக்கையே இருக்கிறது. நமக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். அதேபோல, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் மட்டும் தகுதி வந்துவிடாது.

சொந்த நிறுவனத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதலாம், வரைவாகச் சமர்ப்பித்துக் காத்திருக்க வேண்டும். கூலிக்கு எழுதுபவர் யாருடைய பணத்தில் எழுதுகிறார் என்பதை அறிவித்தாக வேண்டும் என்பது 2014 முதல் கட்டாயம். விளம்பர வாடை அப்பட்டமாக அடித்தால் விவாதமே இல்லாமல் நீக்கிவிடுவார்கள்.

நிராகரிக்கப்பட்டவர்களைக் குறிவைத்து ஒரு கும்பலே இயங்கியது 2015-இல் அம்பலமானது. 'ஆரஞ்ச்மூடி' என்பது அந்த விசாரணையில் முதலில் சிக்கிய கணக்கின் பெயர். தள்ளுபடியான வரைவுகளைப் பார்த்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்தை அணுகுவார்கள். அனுபவமுள்ள விக்கிப்பீடியர்போல் பேசிப் பணம் கேட்பார்கள். பக்கம் ஏறிய பிறகு, அதை நீக்காமல் காப்பாற்றுவதாகச் சொல்லி இன்னொரு வசூல். 381 கணக்குகள் முடக்கப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. பணமும் போய், பக்கமும் போனது.

நேர்வழியில் வந்த பக்கமும் கம்பெனியின் சொத்தாகிவிடாது. வழக்கு, அபராதம், தொழிலாளர் போராட்டம் என எது செய்தியில் விரிவாக வந்தாலும் யாரும் அதைச் சேர்க்கலாம். தகவல் தவறென்றால் நிறுவனத்தார் தாங்களே கைவைக்காமல், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்துடன் திருத்தம் கோருவதே முறை. கோரிக்கையை ஏற்பதா, விடுவதா என்பதை அங்கேயும் தன்னார்வலர்கள்தான் முடிவு செய்வார்கள்.